பயந்து போட்ட பணம்

மந்தத்திலும் டெபாசிட் ஏறுகிறது, ஆகவே மக்கள் நம்பிக்கையோடுதான் இருக்கிறார்கள் என்கிறார் நண்பர். 2020-ஐ அதற்குள் மறந்துவிட்டாரா? அந்த ஏப்ரல்–ஜூன் காலாண்டில் இந்தியப் பொருளாதாரம் ஏறக்குறைய கால்வாசி சுருங்கியது. குடும்பங்களின் நிதிச் சேமிப்போ ஜிடிபியில் 21 சதவீதம் என்று ரிசர்வ் வங்கி முதற்கட்டமாக மதிப்பிட்டது. நம்பிக்கை? அதே வங்கியின் நுகர்வோர் நம்பிக்கைக் குறியீடு செப்டம்பரில் 49.9. நூறுக்குக் கீழே இறங்கினாலே அவநம்பிக்கை என்பது கணக்கு.

கடை பூட்டியிருந்தது, பஸ் ஓடவில்லை, கல்யாணம் தள்ளிப்போனது. சம்பளம் வந்தவரின் பணம் கணக்கிலேயே கிடந்தது. வேலை போய்விடுமோ என்று இன்னும் கொஞ்சம் ஒதுக்கினார். சம்பளம் நின்றவர் நகையோடு பக்கத்து கவுண்டரில் நின்றார். நகை மதிப்பில் 90 சதவீதம்வரை வங்கிகள் கடன் தரலாம் என்று ஆகஸ்டில் வரம்பையே உயர்த்தினார்கள். நண்பர் முதலாமவரை மட்டும் எண்ணியிருக்கிறார், அதுவும் அவர் ஏன் ஒதுக்கினார் என்று கேட்காமல்.