விடுமுறைப் பயணமும் வெறிநாய்க்கடியும்



சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்குத் தமிழகம் வரும் நம் குடும்பங்கள், உறவினர்க்கான அன்பளிப்புகளை மாதக்கணக்கில் சேர்க்கின்றன. ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோயைப் பற்றியோ பெரும்பாலும் எண்ணுவதில்லை. நாய்களிடையே அந்நோய் 1953 முதல் இல்லாத நாடு சிங்கப்பூர். அங்கே வளரும் பிள்ளைக்கு நம் தெருவின் நாய்க்குட்டி விளையாட்டுத் துணையாகவே தோன்றும். இந்தியாவிலோ அந்நோய் இன்றும் உயிர்களைப் பறிக்கிறது.

நம் இல்லங்களில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. நாயின் எச்சில் நஜிஸ் என்று கற்பிக்கிறோம். அது மார்க்கச் சட்டம். ஆனால், "நாயை ஏன் தொட்டாய்?" என்று அடிவாங்கிய பிள்ளை, மறுமுறை கடிபட்டாலும் வாய் திறவாது. நோய் வெளிப்பட்டபின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. ஆகவே கண்டிப்பைவிடப் பிள்ளை உண்மையைச் சொல்லும் துணிவே இங்கு முக்கியம்.

ஷாஃபிஈ மத்ஹபின்படி ஏழு முறை கழுவுவதும், அவற்றில் ஒரு முறை மண் கலப்பதும் தொழுகைக்கான தூய்மை. அது நோய்க்கு மருந்தன்று. கடித்தாலோ பிறாண்டினாலோ, புண்ணில் நக்கினாலோ, ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மண் எதையும் காயத்தில் அப்பாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். இரத்தம் கசிந்த காயமெனில் தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. தூய்மை பற்றிய ஐயத்தை ஆலிமிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். உயிரைக் காப்பது ஷரீஅத்தின் ஐந்து அடிப்படை நோக்கங்களுள் ஒன்றன்றோ?

பயணத்திற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரை அணுகினால் முன்தடுப்பு ஊசி பெறலாம். அதன்பின் கடிபட்டாலும் ஊசி வேண்டும். ஆனால் தவணைகள் குறையும், இம்யூனோகுளோபுலினும் தேவைப்படாது. தவணை முடியுமுன் விடுமுறை முடிந்துவிட்டால், ஊசிச் சீட்டை உடன் எடுத்துச் சென்று எஞ்சியவற்றை அங்கே போட்டுக்கொள்ளுங்கள். பயண நாளுக்காகத் தவணையைக் கைவிடாதீர்கள்.

"அல்லாஹ் காப்பான்" என்று சொல்லி ஊசியைத் தவிர்ப்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்பை இறைவனிடம் ஒப்படைக்கவே நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. பெட்டி கட்டும் நாளில் பிள்ளைகளை அருகழைத்து இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள்: தெரியாத நாயையும் பூனையையும் குரங்கையும் தொடாதே, தொட்டுக் காயம்பட்டால் உடனே சொல், நாங்கள் கோபிக்க மாட்டோம்.

நம் பிள்ளைகளை அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.