தோற்காத அணிக்கு என்ன பதில்?

2022 ஆகஸ்ட் 9. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரி அரங்கில் 44-வது செஸ் ஒலிம்பியாட்டின் கடைசி ரவுண்ட். மகளிர் பிரிவில் இந்தியாவின் முதல் அணி 17 புள்ளிகளோடு தனியாக முன்னணியில் இருந்தது. முதல் ஏழு ரவுண்டும் வெற்றி. ஜார்ஜியாவை 3-1 என்று வென்றதும் அதில் அடக்கம். எட்டாவதில் உக்ரைனோடு 2-2. ஒன்பதாவதில் போலந்திடம் தோற்று, பத்தாவதில் கஜகஸ்தானை வென்று மீண்டும் மேலே வந்திருந்தார்கள். கடைசியில் அமெரிக்காவிடம் 1-3. தலா 18 புள்ளி எடுத்த உக்ரைனுக்குத் தங்கம், ஜார்ஜியாவுக்கு வெள்ளி. 17-லேயே நின்ற நமக்கு டை-பிரேக்கில் வெண்கலம்.

தங்கம் வாங்கியவர்களிடம் தோற்கவில்லை, வெள்ளி வாங்கியவர்களை ஜெயித்திருக்கிறோம், பிறகு ஏன் மூன்றாம் இடம் என்று பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கூட்டிவரும் பெற்றோர் இன்றைக்கும் கேட்கிறார்கள். மனசு வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அதில் அநியாயம் எதுவும் இல்லை என்பதே என் எண்ணம். முதல் ரவுண்ட் வெற்றிக்கு எவ்வளவோ, பதினோராவது ரவுண்ட் வெற்றிக்கும் அவ்வளவே: 2 புள்ளி. இறுதிப் போட்டி என்று ஒன்றை வைத்து, அதுவரை சேர்த்ததையெல்லாம் அழித்துவிட்டு ஆடச் சொல்லவில்லை. ஐபிஎல் 2010-ஐ நினைத்துப் பாருங்கள். லீக் கட்டத்தில் 14 ஆட்டங்களில் 10 வென்ற மும்பை முதலிடம். ஏழு வெற்றி, ஏழு தோல்வியோடு மூன்றாவதாக உள்ளே வந்த நம் சென்னை கோப்பையைத் தூக்கியது. நாம் கொண்டாடினோம். சீராக ஆடிய அணிக்கு அந்த முறை என்ன கொடுத்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை.

யாரையும் வெளியேற்றாமல், ஒவ்வொரு ரவுண்டிலும் ஏறக்குறைய சம புள்ளியில் நிற்பவர்களை மோதவிடும் ஒலிம்பியாடின் ஸ்விஸ் முறை அந்த விதத்தில் மேல். 2008 டிரெஸ்டன் ஒலிம்பியாடுக்கு முன்பு வரை போர்டு புள்ளிகளைக் கூட்டித்தான் இடம் தீர்மானித்தார்கள். பலவீனமான அணியை 4-0 என்று நசுக்கினால் அது கணக்கில் ஏறி நிற்கும். டிரெஸ்டனில் அணிப் புள்ளி வந்தது. இப்போது 4-0-க்கும் 2 புள்ளி, மூன்று போர்டில் டிரா செய்து ஒரு போர்டில் ஜெயித்த 2½-1½-க்கும் 2 புள்ளி. தினமும் தோற்காமல் எழுந்து வரும் அணிக்கு இது சாதகம். மாமல்லபுரத்தில் ஓபன் பிரிவுத் தங்கமே அதற்குச் சாட்சி. 14-வது தரவரிசையில் வந்த உஸ்பெகிஸ்தான் ஒரு ரவுண்டிலும் தோற்காமல் 19 புள்ளி எடுத்தது. முதல் தரவரிசையில் இருந்த அமெரிக்கா ஐந்தாவது.

அதே 19-ஐ ஆர்மீனியாவும் எடுத்ததே! இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. அவர்களைப் பிரித்தது சோன்போர்ன்-பெர்கர் கணக்கு. எதிரணி போட்டி முடிவில் எத்தனை புள்ளியில் நிற்கிறதோ, அதை அவர்களிடம் நாம் எடுத்த போர்டு புள்ளியால் பெருக்க வேண்டும். 3-1 என்று நாம் வென்ற அணி 16-ல் முடித்தால் 48. நான்காம் நாள் நாம் வென்ற அந்த அணி, பதினோராம் ரவுண்டில் வேறு யாரோடோ ஆடித் தோற்று 14-ல் நின்றால் 42. நாம் காயைத் தொடவே இல்லை, நம் கணக்கில் 6 குறைந்துவிடும். இதைச் சீரான ஆட்டத்தின் அளவுகோல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 188 அணிகள் வந்த ஓபன் பிரிவில் எல்லோரும் எல்லோரோடும் ஆட முடியாது என்பதால் இந்தக் கணக்கைப் பொறுத்துக்கொள்கிறோம். அவ்வளவுதான்.

அங்கே பொறுத்துக்கொள்ளவும் ஒரு காரணம் இருக்கிறது. 188 அணிகளைப் பாதி பாதியாகக் கழித்தால் எட்டு ரவுண்டில் ஒன்று மிஞ்சும். ஒலிம்பியாடில் பதினொன்று ஆடுகிறார்கள். முன்னணி அணிகள் பெரும்பாலும் தங்களுக்குள் மோதி முடித்துவிடும். நம் ஒருநாள் பள்ளி அணிப் போட்டிகளில் நாம் செய்வதென்ன? 40 அணி வருகிறது, ஐந்து ரவுண்டில் முடிக்கிறோம். ஆறு வேண்டும். எட்டு அணிதான் வந்தது என்றாலும் பழக்கத்தில் ஸ்விஸ் பேரிங்கே போடுகிறோம். ஏழு ரவுண்டில் லீக் முறையிலேயே முடிந்துவிடுமே! எல்லோரும் எல்லோரையும் சந்தித்துவிட்டால் யார் சீராக ஆடினார்கள் என்பதில் சண்டையே வராது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நான் தலைமை நடுவராக இருந்த போட்டி ஒன்று. 40 அணி, ஐந்து ரவுண்ட். முடிவில் இரண்டு அணிகள் பத்துக்குப் பத்து. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. புக்கோல்ஸ், அதாவது ஒவ்வொரு அணியும் சந்தித்த எதிரணிகள் எடுத்த புள்ளிகளின் கூட்டல், பார்த்துக் கோப்பையை ஒன்றுக்குக் கொடுத்தோம். இரண்டாமிடத்துக்கு வந்த அணி முதல் ரவுண்டில் வென்ற பள்ளி, அடுத்த நான்கிலும் தோற்றிருந்தது. அதனால் போனது. சுவரில் ஒட்டிய தாளின் முன்னே அந்த அணியின் முதல் போர்டு சிறுமி, ஏழாம் வகுப்பு இருக்கும், விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டு நின்றாள். "சார், நாங்க யார்கிட்டயும் தோக்கலையே. அவங்களோட நாங்க ஆடவே இல்லையே சார்" என்றாள். புக்கோல்ஸ் என்றால் என்ன என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் கேட்டது அதை இல்லை.

விதிமுறைத் தாள் எழுதும் அமைப்பாளர்களிடமும் நடுவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாமிடத்திலிருந்து கீழே டை-பிரேக் இருக்கட்டும். முதலிடத்தில் இரண்டு அணி சமமாக நின்றால் ஒரு பிளே-ஆஃப் ஆட்டம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். ஆட நேரமில்லை என்றால் கோப்பையைப் பகிர்ந்து கொடுங்கள். ரவுண்ட் எண்ணிக்கையை அணிகள் பதிவான பிறகு முடிவு செய்யுங்கள், அழைப்பிதழ் அச்சடிக்கும்போதே வேண்டாம்.

அந்தச் செங்கல்பட்டுப் போட்டியில் கடைசி ரவுண்ட் நாலரை மணிக்கு முடிந்தது. பரிசு கொடுக்க வேண்டிய விருந்தினர் ஆறு மணிக்குத்தான் வந்தார். பதினைந்து நிமிட ரேபிட்டில் நான்கு போர்டு ஆடியிருக்கலாம். நான்தான் கடிகாரங்களைப் பெட்டியில் அடுக்கச் சொல்லிவிட்டேன்.