பழங்காட்சியைப் புதுக்கண்ணாற் காண்டல்

இளமையிற் கண்டு மகிழ்ந்த காட்சியொன்றை ஆண்டு பல கழிந்த பின்னர் மீண்டும் காணும் வாய்ப்பு நம் முன்னோர்க்குக் கிட்டியதில்லை. கூத்து முடிந்தால் திரை விழும். திருவிழா முடிந்தாற் பந்தல் பிரிக்கப்படும். நினைவு ஒன்றே எஞ்சும். இக்காலத்திலோ, சிறுபருவத்தில் நாம் கண்ட திரைப்படங்களும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் கைப்பேசியில் விரல் பட்ட அளவிலே நம்முன் வந்து நிற்கின்றன. அவற்றை மீண்டும் காண்போர் இரு திறத்தினராய்ப் பிரிந்து வழக்கிடுதலை நாடோறும் கேட்கின்றோம். ஒரு சாரார், "இத்துணை எளிய பொருளையோ அன்று வியந்தோம்!" என்று நகைப்பர். மற்றொரு சாரார், "அக்காலமே பொற்காலம்; இக்காலச் சிறார் வியத்தலையே அறியார்" என்று பெருமூச்செறிவர். இவ்விரு கூற்றும் பாதி உண்மையே என்பது நம் கருத்து. அதனை ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

கேளிக்கைப் பூங்காவும் தொலைக்காட்சியும் இரட்டைப் பிள்ளைகள்போல் வளர்ந்தவை. அமெரிக்க நாட்டில் வால்ட் டிஸ்னி என்பார் தாம் கட்டக் கருதிய பூங்காவுக்குப் பொருளுதவி வேண்டி, ஏ.பி.சி. என்னும் ஒளிபரப்பு நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, 1954-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் 'டிஸ்னிலாந்து' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கினார். பூங்கா 1955-ம் ஆண்டு ஜூலை 17-ம் நாள் திறக்கப்பட்டபோது அக்காட்சி நேரே ஒளிபரப்பப்பட்டது. அதனைத் தொகுத்து வழங்கிய மூவருள் ஒருவர், பின்னாளில் அந்நாட்டின் குடியரசுத் தலைவரான ரொனால்டு ரேகன் ஆவர். அப்பூங்காவின் மண்ணை ஒருநாளும் மிதியாத சிறார் பலர், தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தவாறே அதனுட் புகுந்து திரிந்தனர்.

தென்னாட்டில் இத்தகைய உறவு திரைப்படத்தின் வழியே நிகழ்ந்தது. 1984-ம் ஆண்டில் நவோதயா அப்பச்சன் தயாரிக்க, அவர் மைந்தர் ஜிஜோ இயக்கிய 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்னும் மலையாளப் படம் வெளிவந்தது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம் இதுவேயாம். கொடிய மந்திரவாதி ஒருவனுக்கு அடிமைப்பட்ட குட்டிச்சாத்தானைச் சிறார் மூவர் நண்பனாக்கிக் கொள்ளும் கதை அது. பிற மொழிகளிலும் பேசவைக்கப்பட்டு அது ஊரூராய் உலவிற்று. அதே அப்பச்சன் 1990-களில் தாம்பரத்தை அடுத்துக் 'கிஷ்கிந்தா' என்னும் கேளிக்கைப் பூங்காவை அமைத்தார். திரையிற் கண்ட வியப்பு இவ்வாறு நிலத்தில் இறங்கி, நீர்ச்சறுக்கும் இராட்டினமுமாய்ச் சிறாரை அழைத்தது.

நம் திருத்தணி எல்லைப்புறத்து ஊர். 1960-ம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலேதான் அது ஆந்திர நாட்டினின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இன்றும் ஒரே வீதியில் தமிழும் தெலுங்கும் கலந்தொலிக்கும். 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பின்னரும், நம்மூரில் தொலைக்காட்சிப் பெட்டி உடைய வீடுகள் நெடுநாள் சிலவே. அவ்வீடுகளின் மாடியில் ஆண்டெனாக் கம்பம் ஓங்கி நிற்கும், காற்றடித்தால் படம் கலையும், ஒருவர் மேலேறித் திருப்ப, மற்றொருவர் கீழிருந்து, "இன்னுங் கொஞ்சம்! இன்னுங் கொஞ்சம்!" என்று கூவுவர். 'கண்மணிப் பூங்கா' தொடங்குமுன்னரே இருமொழிச் சிறாரும் கூடத்திலே தரையில் நெருங்கி அமர்ந்துவிடுவர். திரைப்படத்துக்கும் பூங்காவுக்கும் செல்லுதலோ ஆண்டிற்கொருமுறை வாய்த்தாற் பெரும்பேறு. திருத்தணியிற் புகைவண்டி ஏறி, அரக்கோணங் கடந்து சென்னை சேர்ந்து, அங்கிருந்து தாம்பரத்துக்கு வேறு வண்டி ஏறல் வேண்டும். கட்டுச்சோற்று மூட்டையும் மாற்றுடையும் சுமந்து உடன்வந்தவர் பெரியோர்.

இனி, அக்குட்டிச்சாத்தானை இன்று மீண்டும் காண்போர்க்கு நேர்வது யாது? முதலாவது ஏமாற்றமே. முப்பரிமாணக் காட்சியின் நுட்பம் எளிது. இரு கண்களும் சிறிது இடைவெளியில் அமைந்திருத்தலால், ஒரே பொருளை ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறுபடக் காணும். அவ்விரு பிம்பங்களையும் மூளை ஒன்றாக்கும்போது ஆழந் தோன்றும். இவ்வியல்பைப் பின்பற்றி இரு படங்களைத் திரையிற் காட்டி, ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய படமே சென்றடையுமாறு கண்ணாடியால் வடிகட்டுவர். அன்று திரையினின்று நீண்டு வந்த பொருள்களைப் பற்றுதற்குச் சிறார் கைநீட்டியது இதனாலேயாம். கைப்பேசியில் அக்கண்ணாடியும் இல்லை, இரட்டைப் படமும் இல்லை. ஆகலின் அனைத்தும் தட்டையாய்க் கிடக்கின்றன. சிறார் சுவரிலும் கூரையிலும் நடந்த விந்தையும் விளங்கிவிடுகின்றது. அறையையே சுழலுமாறு கட்டி, படக்கருவியையும் அதனோடு சேர்த்துச் சுழற்றினர். சிறார் நடந்தது எப்போதும் தரையிலேதான். நகைப்போர் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றனர்.

ஆயின், அச்சூழ்ச்சி விளங்கிய பின்னர் வியப்புக் குறைகின்றதா? நமக்கு மிகுகின்றது. கணிப்பொறியால் எதனையும் வரைந்துவிடும் காலமன்று அது. சில நிமிடக் களிப்பைச் சிறார்க்கு அளித்தற்பொருட்டு ஓர் அறையையே உருளவைத்த உழைப்பு, சிறுவனாய் இருந்தபோது கண்ணிற் படாதது, இன்றே புலப்படுகின்றது. அங்ஙனமே அன்று புலப்படாத மற்றோர் உழைப்பும் உண்டு. டிக்கெட்டுக்குப் பணந் தந்தவர் யார்? ஒருநாட் கூலியை இழந்து உடன்வந்தவர் யார்? இராட்டினத்தில் நாம் சுழன்றபோது, தாம் ஏறாது செருப்புகளைக் காத்துக் கீழே நின்றவர் யார்? எந்தப் படச்சுருளிலும் அவர் இல்லை. பழங்காட்சியை மீண்டும் காணும்போது நெஞ்சு கனத்தற்குக் காரணம், திரையில் தோன்றும் சாத்தான் அல்லன். திரைக்கு வெளியே நின்ற இவரே என்று நாம் துணிகின்றோம்.

ஆதலின் நகைப்போரும் பெருமூச்செறிவோரும் ஒற்றைக் கண்ணாற் காண்போரே ஆவர். முன்னவர்க்கு அறிந்தோர் கண் மாத்திரம் உண்டு. பின்னவர்க்குக் குழந்தைக் கண் மாத்திரம் உண்டு. இரண்டையும் ஒருங்கே திறந்தவர்க்கே அக்காலம் ஆழத்தோடு தோன்றும். அவ்வாறு கண்டவர் தம் இளமையைக் கொண்டு இக்காலச் சிறாரைப் பழித்தல் செய்யார். "நாங்கள் கூடியிருந்து கண்டோம், நீங்களோ தனித்திருந்து காண்கின்றீர்" என்று குறைகூறுவோரை நாம் ஒன்று வினவுவோம்: குழந்தை தனித்திருத்தல் யாருடைய குற்றம்? நம்மைக் கூடத்தில் அமர்த்தினவர் பெரியோர். இன்று குழந்தையின் கையிற் கைப்பேசியைத் தந்து, தாமும் மற்றொன்றை ஏந்தி, அடுத்த அறைக்கு அகல்வோரும் பெரியோரே. வியக்கும் ஆற்றல் எக்காலத்துக் குழந்தைக்கும் குறைவின்றி உள்ளது; குறைந்தது உடனிருப்போர் தொகையே.

இவ்வுண்மையை அறிதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதின்று. ஆடிக்கிருத்திகையன்று நம்மூர் மலையடிவாரத்தை நோக்குக. ஆண்டின் நாள்களை எண்ணி அமைத்ததாகக் கூறப்பெறும் 365 படிகளிலும் காவடிகள் நிரம்பி ஏறும். முப்பரிமாணம் கண்ட குழந்தையும், நொடிக்கொரு படம் மாறும் கைப்பேசி கண்ட குழந்தையும், தந்தையின் தோளிலமர்ந்து அம்மயிற்பீலிகளைக் கண்கொட்டாது காண்கின்றன. அதற்குக் கண்ணாடி வேண்டுவதில்லை. தோள் கொடுப்பார் ஒருவர் வேண்டும்.

மாணவ நண்பர்களே! நீவிர் இளமைக்கும் இல்லறத்துக்கும் இடையிலே நிற்கின்றீர்கள். விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது, சிறுபருவத்தில் நும் மனங்கவர்ந்த பழங்காட்சி ஒன்றைத் தேடி எடுமின். அதனைத் தனித்திருந்து காணாது, அன்று நும்மை அழைத்துச் சென்ற தாய் தந்தையரை ஒருபுறமும், வீட்டுச் சிறாரை மறுபுறமும் இருத்திக் காண்மின். சிறார் அதன் எளிமையைக் கண்டு நகைப்பின் நகைக்கட்டும், வெகுளற்க. பெரியோரை, "அந்நாளிற் செலவுக்கு என்ன செய்தீர்கள்?" என்று வினவுமின். அவர் கூறும் விடை, எப்படத்திலும் இடம்பெறாத கதையாய் இருக்கும். பெற்ற அக்கடனைப் பெற்றோர்க்கே முற்றத் திருப்பித் தருதல் இயலாது. அடுத்து வரும் குழந்தைக்குச் செலுத்துதலே அதற்குரிய வழி. ஆடியிற் காவடி காணவேனும், நகரத்திற் பூங்கா காணவேனும், ஒரு குழந்தையைக் கைப்பற்றி அழைத்துச் சென்று, அது மகிழ்ந்து சுழலும்போது செருப்புகளைக் காத்துக் கீழே நிற்பீராக.