பழைய வில்லையைப் பிரித்தல்

பழம்பொருளைப் பிரித்துப் பார்த்தல் இளைஞர்க்கு இயல்பு; மீண்டும் பொருத்துதலே அரிது. எம் பாட்டனார் விட்டுச்சென்ற புகைப்படக் கருவியின் லென்ஸை, ருஷிய நாட்டு ஹீலியாஸ் 44-2 என்னும் வில்லையை, அல்லிநகரத்து வீட்டில் யான் பிரித்தபோது இவ்வுண்மையை உணர்ந்தேன்.

எங்கள் குடும்பத்துப் பழைய படங்கள் யாவும் அவ்வில்லை தந்தவையே. நெடுநாள் ஈரம் புகுந்த பெட்டியிற் கிடந்தமையால் அதனுள்ளே சிலந்தி வலைபோற் பூஞ்சணம் படர்ந்திருந்தது. "தொடாதே, கெட்டுவிடும்" என்றனர் வீட்டார். தொடாவிடினும் கெடும் என்பதே என் கருத்து; பூஞ்சணம் நாளடைவிற் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். பழுது பார்ப்பாரையோ எங்கள் ஊரில் யான் கண்டிலேன்.

ஆயினும், துணிவு வேறு, பதற்றம் வேறு. அவ்வில்லையிற் கண்ணாடிகள் ஆறு. அவை நான்கு தொகுதிகளாய் அமைந்தவை. இரண்டு தொகுதிகளில் இவ்விரு கண்ணாடிகள் ஒட்டப்பட்டுள்ளன; அவற்றைப் பிரிக்க முயலுதல் தகாது. கண்ணாடியைத் தாங்கும் வளையத்தின் இரு பள்ளங்களிலும் கருவியின் இரு முனைகளும் இறுகப் பொருந்தினாலன்றித் திருகலாகாது. வழுக்கினாற் கீறல் விழும். தூசியை அகற்றாமல் துணியால் தேய்த்தலும் அத்தகையதே. கழற்றியவற்றை வெள்ளைத் துணிமேல் வரிசையாய் வைத்து, முன்பக்கம் இன்னதெனக் குறித்தல் வேண்டும். வேறு சில பழைய வில்லைகளில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அதனை உடைத்தலும் அராவுதலும் உடலுக்குத் தீங்கு.

இவற்றையெல்லாம் அறிந்தும் ஒன்றை மறந்தேன். தூரத்திற்கேற்ப வில்லையை முன்பின் நகர்த்தும் மரையிற் பல புரிகள் உண்டு. அது பிரியும் இடத்தைக் குறியாமற் கழற்றிவிட்டேன். மீண்டும் பூட்டி, மாடியினின்று மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கினேன். மலை மங்கலாகவே நின்றது. புரி மாற்றிப் புரி மாற்றிப் பூட்டி, மூன்றாம் நாள் மாலையிலேதான் முகடு தெளியக் கண்டேன். முன்னரே ஒரு சிறு கோடு கீறியிருப்பின் அம்மூன்று நாள் துயரும் இல்லை.

தமிழ் பயில்வார்க்கு இது புதிய பாடமன்று. 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள், ஏட்டுச் சுவடிகளின் நொய்ம்மையைத் தம் பதிப்புரையிற் கூறி வருந்தினார். முறியுமென அஞ்சிக் கட்டவிழாது விட்டிருப்பின் நூல் கறையானுக்கு இரையாகியிருக்கும்; ஏட்டு வரிசை நோக்காது அவிழ்த்திருப்பின் குலைந்திருக்கும்.

ஆதலின், பிரிக்கலாமா என வினவும் நண்பர்க்கு யான் கூறுவது இதுவே: மீளும் வழியைக் குறித்துக்கொண்டு, பழுதுள்ள இடம் வரையிற் செல்க, அதற்கப்பால் ஆசை இழுப்பினும் கைகட்டி நிற்க.