காணியும் ஆங்கிலக் ‘கானி’யும்: ஒலியொப்புமைச் சொல்லாராய்ச்சிக்கு ஒரு மறுப்பு

முன்னுரை

சித்தூர் மாவட்டத்தில் பாகுதா ஆற்றங்கரையில் அமைந்துள்ள காணிப்பாக்கம், தானே தோன்றியதாகக் கருதப்படும் விநாயகர் திருவுருவத்தால் புகழ்பெற்ற ஊராகும். இவ்வூருக்குச் செல்லும் அன்பர்கள் கையில் கிடைக்கும் ஆங்கில வழிகாட்டி நூல்களில், தமிழில் ‘காணி’ என்றால் நன்செய் என்றும், ‘பாகம்’ என்றால் அந்நிலத்தில் நீர் பாய்தல் என்றும் ஊர்ப்பெயர் விளக்கம் தரப்படுகிறது. இவ்விரு பொருளும் எந்தத் தமிழ் அகராதியிலும் இல்லாதவை. தமிழின் பெயரால் தமிழில் இல்லாத பொருள் அச்சேறி வருகிறது. தமிழாய்வாளராகிய நாமோ அதனை மறுக்கவில்லை. மறுக்காததற்குக் காரணம் நாமும் அதே பிழையை வேறு முறையில் செய்துகொண்டிருப்பதுதான் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலத்தில் ஏறிய காணி

காணி என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்தில் புகுந்து அகராதியேறிய சொற்களுள் ஒன்று. யூல், பர்னல் ஆகிய இருவரும் தொகுத்து 1886இல் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியம் இதனைத் தனிச்சொல்லாகக் கொண்டுள்ளது. சி, ஏ, டபிள்யூ, என், ஒய் என ஐந்தெழுத்தால் எழுதப்படும் இச்சொல், இறுதியில் ஓர் எழுத்து மிகுந்தும் வழங்கியது. ஏ, டபிள்யூ என்னும் இரண்டும் சேர்ந்து நம் நெட்டுயிராகிய ஆகாரத்தைக் குறித்தன. கான்பூரின் பழைய ஆங்கில எழுத்துமுறையும் இத்தகையதே. ஆனால் ணகரத்தைக் குறிக்க அவ்வெழுத்தில் வழியில்லை. எனவே, ஆங்கில எழுத்தை மட்டும் கண்டவர் காணி, கானி, கனி என்னும் மூன்றனுள் எது என்று அறிய இயலாது. ஆங்கில எழுத்திலிருந்து தமிழுக்குத் திரும்பி வரும் ஊர்ப்பெயர்கள் உருக்குலைவது இதனாலேயே.

பொருளைக் காண்போம். தமிழில் உடைமை, உரிமை, நிலம் எனப் பொருள்தரும் சொல், சென்னை மாகாண ஆங்கிலத்தில் நில அளவு என்னும் ஒரே பொருளில் மட்டும் வழங்கியது என அக்களஞ்சியமே கூறுகிறது. 2,400 சதுர அடி கொண்ட மனை 24 சேர்ந்தது ஒரு காணி. அதாவது 57,600 சதுர அடி, 1.322 ஏக்கர். 24 அடிக் கோலால் அளந்த குழி 576 சதுர அடி. அத்தகைய குழி 100 கொண்டதும் இதே காணிதான். 1903இல் குரூக் பதிப்பித்த இரண்டாம் பதிப்பு, இதன் வேர் ‘காண்’ என்னும் வினை எனச் சேர்த்துரைத்தது.

உரிமை உதிர்ந்து அளவு நின்றமை

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. சோழர் கல்வெட்டுகளில் காணி என்பது முதன்மையாக உரிமையைக் குறிக்கும் சொல். காணிக்கடன், சாக்கைக்காணி, உவச்சக்காணி முதலிய தொடர்கள், நிலத்தின் பரப்பைவிட அதன்மேல் ஒருவருக்குள்ள பிடிப்பையே பேசுகின்றன. வழிவழி நிலவுரிமைக்குக் காணியாட்சி என்பது பெயர். எல்லிசு 1818இல் வெளியிட்ட நிலவுரிமை பற்றிய நூலில் இச்சொல்லை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆயினும் அவர் நூலின் தலைப்பிலேயே ‘மிராசு’ என்னும் அரபுவழிச் சொல் இடம்பிடித்துவிட்டது. உரிமையைக் குறிக்க மிராசும், வரிக்காக அளக்கும் பரப்பைக் குறிக்கக் காணியும் எனக் கும்பினி அலுவலகம் பங்கிட்டுக்கொண்டது. ஆங்கிலம் நம்மிடமிருந்து பெற்றது சொல்லின் ஒரு துண்டே என்பது தெளிவு.

இதனைக் கூறும்போது பழம்பெருமை பாடும் நோக்கம் எமக்கில்லை. காணியாட்சி உழுதவர் அனைவர்க்கும் உரியதாக இருந்ததில்லை. தொண்டைமண்டலத்தில் அது பெரும்பாலும் வேளாளர், பார்ப்பனர் கையில் இருந்தது. வயலில் இறங்கியவருட் பலர் காணியற்றவர். பாரதி பராசக்தியிடம் கேட்டதும் ஒரு காணி அளவு நிலமே என்பதை இப்பின்னணியில் எண்ணிப் பார்த்தல் தகும்.

ஊர்ப்பெயர் விளக்கத்தின் பிழை

காணிப்பாக்கத்துத் தலபுராணம் கூறுவது இது: ஊமை, செவிடு, குருடு ஆகிய உடன்பிறந்தார் மூவர் கிணற்றைத் தோண்டியபோது நீர் குருதி நிறமாயிற்று, மூவரும் குறை நீங்கினர், ஊரார் உடைத்த தேங்காய்களின் நீர் ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கர் அளவு பரந்தது. இந்த ஒன்றேகால் ஏக்கர் எங்கிருந்து வந்தது? 1.322 ஏக்கர் கொண்ட காணியின் நினைவேயன்றிப் பிறிதில்லை. புராணம் காணியை அளவாகச் சரியாகவே அறிந்திருந்தது. அதனை ‘நன்செய்’ என்று மாற்றியது ஆங்கில வழிகாட்டி. தெலுங்கில் நன்செயைக் குறிக்கும் ‘மாகாணி’ என்னும் சொல்லின் சாயல் இங்குப் படிந்திருத்தல் கூடும்.

‘பாகம்’ பற்றிய விளக்கம் இன்னும் வலுவற்றது. தெலுங்கில் ‘பாரு’ என்றால் நீர் பாய்தல். அதனை ஊர்ப்பெயரின் ஈற்றில் ஏற்றியுள்ளனர். பாக்கம் நீர்ப்பாய்ச்சலாயின், நுங்கம்பாக்கம், சேப்பாக்கம், கோடம்பாக்கம், அச்சிறுபாக்கம் ஆகிய யாவற்றிலும் தேங்காய்நீர் பாய்ந்திருக்க வேண்டுமன்றோ? மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் எனப் புகார் நகரின் இரு பகுதிகளைச் சிலப்பதிகாரம் குறிப்பதை நாம் மாணவர்க்கு நாள்தோறும் பாடம் சொல்கிறோம். பாக்கம் குடியிருப்பு என்பதில் ஐயமில்லை. தெலுங்கெழுத்தில் ஒற்றைக் ககரமே வருவதால் அதனை அப்படியே பெயர்த்துக் ‘காணிபாகம்’ எனத் தமிழில் எழுதுவதும் தவறு. தமிழில் ஒற்றைக் ககரம் அவ்விடத்தில் வேறு ஒலி பெறும்.

இனி, ஒரு காணி நிலத்தில் ஓர் ஊர் அடங்காது. ஆதலின் இப்பெயரில் காணி அளவன்று, உரிமையே எனக் கொள்வது பொருந்தும். காணியாகப் பெற்ற பாக்கம் காணிப்பாக்கம். கோயிலைக் கட்டியவனாகக் கூறப்படும் முதற்குலோத்துங்கன் 1070இல் அரியணை ஏறியவன். அவனை 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைக்கும் அதே நூல்களே இப்பெயர் விளக்கத்தையும் தருகின்றன என்பது அவற்றின் நம்பகத்தன்மையை அளந்தறிய உதவும்.

நம் பக்கத்துப் பிழை

பிறர் பிழையைச் சுட்டும் நாம் நம்மையும் நோக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில், நாட்டைக் குறிக்கும் ‘கண்ட்ரி’ என்னும் ஆங்கிலச் சொல் காணியிலிருந்து பிறந்தது என ஒருவர் கட்டுரை படித்தார்; அவை கைதட்டியது. அச்சொல் பிரெஞ்சு வழியாக இலத்தீனிலிருந்து வந்தது. எதிரே விரிந்து கிடக்கும் நிலம் என்பது அதன் அடிப்பொருள். இது யாருக்கும் எட்டாத செய்தியன்று. இக்கட்டுரையாளரும் அன்று எழுந்து மறுக்கவில்லை, அவ்வமைதி தவறே.

இவ்வகை ஆய்வின் தீங்கு யாது? ‘கேஷ்’ என்பதை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இவ்வடிவில் இரு சொற்கள் உள. சிறுநாணயத்தைக் குறிப்பது போர்த்துக்கீசியர் வழியாகச் சென்ற நம் காசு. கையிருப்புப் பணத்தைக் குறிப்பது பெட்டி என்னும் பொருளுடைய பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லின் வழிவந்தது. இரண்டையும் ஒன்றாக்கி உரிமை கொண்டாடுவோர், உண்மையில் நமக்குரிய முதற்சொல்லையும் ஐயத்திற்கு உள்ளாக்குகின்றனர். பொய்ப்பட்டாவைக் காட்டி வழக்காடுபவன் மெய்ப்பட்டாவையும் இழப்பான்.

அண்டை மொழியும் எல்லையும்

சித்தூர் மாவட்டம் 1911இல் வடஆர்க்காட்டுப் பகுதிகளையும் சேர்த்து உருவாக்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலத்தில் அமைந்தது. 1960இல் திருத்தணி நம்பக்கம் வந்ததோடு எல்லை முடிந்தது. ஊர்ப்பெயரின் தமிழ்மை பேசுவது எல்லை கேட்பதாகாது. காணியாட்சி தெலுங்கில் ‘காணாச்சி’ என வழிவழியுரிமைப் பொருளிலேயே இன்றும் வாழ்கிறது. ஆங்கிலம் உதிர்த்துவிட்ட உரிமைப் பொருளைத் தெலுங்கு காத்துள்ளது. ஈழத்தமிழரிடையே காணி என்பது நிலத்திற்கே பொதுச்சொல். ஆகவே இச்சொல்லின் வரலாற்றை எழுதத் தெலுங்கறிஞரும் ஈழத்தறிஞரும் நம்முடன் அமர வேண்டும்.

முடிவுரை

ஒரு சொல் தமிழினின்று சென்றது எனக் கூறுவோர் மூன்றினைக் காட்டல் வேண்டும்: அது எந்த ஆவணத்தில் முதலில் காணப்படுகிறது, எவ்வழியே சென்றது, செல்கையில் பொருள் எங்ஙனம் திரிந்தது என்பன. காணி இம்மூன்றிற்கும் விடை தரும் சொல். கண்ட்ரி தராது. ஒலியை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதும் கட்டுரைகளை நம் கருத்தரங்குகளும் ஆய்விதழ்களும் ஏற்காதிருத்தல் வேண்டும். அவ்வாறு நம் வீட்டைத் திருத்திக்கொண்ட பின்னரே, காணிப்பாக்கத்து வழிகாட்டி நூலைத் திருத்துக என்று கேட்கும் தகுதி நமக்கு உண்டாகும்.