கணிப்பொறிச் சொற்பொழிவுகளும் நம்மவரும்

திருவனந்தபுரத்தில் சொற்பொழிவுகளுக்கு என்றுமே குறைவிருந்ததில்லை. கோயில் மண்டபங்களில் புராணப் பிரசங்கம், மன்றங்களில் இலக்கியப் பேச்சு, மைதானங்களில் அரசியற் கூட்டம் என மாலைதோறும் ஏதேனும் ஒன்று நடந்த வண்ணமே இருக்கும். இந்நாளில் இவற்றோடு இன்னொரு வகையும் சேர்ந்திருக்கிறது. கணிப்பொறித் தொழிலில் ஈடுபட்டோர் தமக்கென அமைத்துக்கொண்ட சங்கங்களில் நிகழும் தொழில்நுட்பச் சொற்பொழிவுகளையே குறிப்பிடுகின்றோம். மற்றக் கூட்டங்களுக்குக் குடும்பத்தோடு செல்லும் நம் அன்பர்கள் இவற்றின் அறிவிப்பைக் கண்டதும், "அஃது எஞ்சினீயர்களுக்கு உரியது, நமக்கும் அதற்கும் என்ன?" என்று ஒதுங்கிவிடுகின்றனர். இவ்வாறு ஒதுங்குதல் தகாது என்பதே இம்மாதம் நாம் சொல்ல விரும்புவது.

இத்தகைய சங்கங்களுள் பழமையானது கம்ப்யூட்டர் சொசைட்டி ஆஃப் இந்தியா. 1965-ஆம் ஆண்டில் தோன்றிய அதற்கு இந்நகரிலும் ஒரு கிளை உண்டு. கணிப்பொறியைப் பயன்படுத்துவோர் சிலர் ஒன்றுகூடித் தத்தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டதே அதற்கு வித்து. அதன் முதல் தலைவர் பேராசிரியர் ஆர். நரசிம்மன், சென்னையிற் பிறந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றவர். பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், நம் நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட 'டிஃப்ராக்' என்னும் கணிப்பொறியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. 1960-இல் இயங்கத் தொடங்கிய அப்பொறிக்கு 1962-இல் பெயர் சூட்டியவர் பிரதமர் நேரு. பின்னர் 1975-இல் சி.எம்.சி. என்னும் அரசு நிறுவனம் அமையவும் நரசிம்மன் பெரிதும் துணை நின்றார். அந்நிறுவனம் ஆக்கித் தந்த முறைதான் 1985-இல் புதுடில்லியில் இரயில்வே முன்பதிவுக்கு முதன்முதலாகக் கணிப்பொறியைக் கொணர்ந்தது. ஆகவே, ஊருக்குச் செல்ல நாம் வாங்கும் பயணச்சீட்டுக்கும் அந்தச் சொற்பொழிவு மேடைக்கும் தொடர்பில்லை என்று யார் கூற இயலும்?

இரயில்வேயில் பணிபுரிவோர்க்கு இவ்வரலாறு வெறுங்கதையன்று. பெரிய பதிவேடுகளில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் கையாலேயே பெயர் எழுதிய காலத்தை மூத்தோர் கூறக் கேட்டிருக்கிறோம். ஒரு வண்டிக்கு ஒரு சன்னல், மற்றொரு வண்டிக்கு வேறொரு சன்னல் என்று பயணி அலைவார். திரும்பிவரும் பயணத்துக்கு இடம் வேண்டுமாயின் அவ்வூருக்குத் தந்தி அடித்து விடைக்குக் காத்திருக்க வேண்டும். கணிப்பொறி வந்தபின் எந்தச் சன்னலிலும் எந்த வண்டிக்கும் இடம் பெறலாயிற்று. 2002-இல் இணையவழிச் சீட்டும் வந்தது. இன்று முன்பதிவுச் சீட்டுகளிற் பெரும்பாலானவை வீட்டிலிருந்தே எடுக்கப்படுகின்றன. முன்பதிவு அறையின் நீண்ட வரிசையும் குறுகிவிட்டது. பயணிக்கு இது நன்மை. சன்னலின் உட்புறம் அமர்ந்திருப்பவனோ, அடுத்து வருவது யாது என்று அறிந்துகொள்ளக் கடமைப்பட்டவனாகின்றான்.

அறியாமையிலிருந்து அச்சம் பிறக்கும். 1980-களில் கணிப்பொறி வந்தால் வேலை போய்விடும் என்ற கலக்கம் கேரளத்துத் தொழிற்சங்கங்களிடையே வலுத்திருந்தது, எதிர்ப்பும் எழுந்தது. அதே கேரளத்தில்தான் 1990-ஆம் ஆண்டில், நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க், நம் நகரை அடுத்த கழக்கூட்டத்தில் அமைந்தது. அன்றைய அச்சம் முழுவதும் வீண் என்று நாம் கூறமாட்டோம். சில வேலைகள் மாறின, சில மறைந்தன. ஆனால் புதியது இன்னதென்று முன்கூட்டியே கேட்டறிந்தவன் ஆயத்தமாயிருந்தான். காதைப் பொத்திக்கொண்டவனையும் மாற்றம் விட்டுவைக்கவில்லை. இன்று 'செயற்கை நுண்ணறிவு' என்ற சொல்லைக் கேட்டு நம் பிள்ளைகளும் அவ்வாறே கலங்குகின்றனர். அதற்கும் மருந்து கேட்டறிதலே.

தொழிலை விடுவோம், இல்லத்தை நோக்குவோம். கைப்பேசி இல்லாத வீடு இன்று அரிது. காவல்துறை உடையில் காணொளியில் தோன்றி, "உம்மைக் கைது செய்திருக்கிறோம், அறையை விட்டு அகலாதீர்" என்று முதியோரை மிரட்டிச் சேமிப்பைப் பறிக்கும் கயவர்கள் பெருகிவிட்டனர். 'டிஜிட்டல் கைது' என்பதாக ஒன்று நம் நாட்டுச் சட்டத்திலேயே இல்லை. யூ.பி.ஐ. முறையில் பணம் செலுத்துவதற்கே இரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டுவதில்லை. ஏமாற்றப்பட்டோர் தாமதியாது 1930 என்ற எண்ணை அழைத்தல் வேண்டும். இம்மூன்று செய்திகளையும் சொல்ல மூன்று நிமிடம் போதும். ஆயினும் இவற்றைத் தெளிவாகச் சொல்வார் ஒருவர் இன்மையால் வாழ்நாட் சேமிப்பை இழந்த குடும்பங்கள் எத்தனை! இது செய், அது செய்யாதே என்று கூறுவதோடு நில்லாமல், ஏன் என்பதையும் விளக்குவது நல்ல சொற்பொழிவு. ஏன் என்று அறிந்தவனைப் புதிய புரட்டு எளிதில் ஏமாற்ற இயலாது.

"பேச்செல்லாம் ஆங்கிலத்தில் அல்லவா? நமக்கு விளங்குமா?" என்று அன்பர்கள் வினவலாம். நியாயமான வினாவே. மலையாளத்தில் பேசினாற் காதால் கேட்டு விளங்கிக்கொள்ளும் ஆற்றல் நம்மிற் பலருக்கு உண்டு. ஆங்கிலத்தில் விரைந்து பேசினால் இடர்ப்பாடுதான். ஆயினும் இதற்கு வழி நம் வீட்டிலேயே இருக்கின்றது. நம் பிள்ளைகளுள் பொறியியல் பயின்றோரும், டெக்னோபார்க்கில் வேலை பார்ப்போரும் உளர். அவர்களுக்குப் பேச்சு விளங்கும். ஆனால் அதைத் தமிழில் எடுத்துரைக்க நா எழாது. பெற்றோருக்கோ தமிழ் உண்டு, பேச்சு விளங்காது. இரு தலைமுறையும் ஒருங்கிருந்து கேட்டால் ஒருவர் குறையை மற்றவர் நிரப்பலாம். பிள்ளைக்குத் தமிழும் பெற்றோருக்குத் தொழில்நுட்பமும் ஒரே மாலையில் கிட்டும்.

இவ்வூரிற் பிறந்த நம் குழந்தைகள் தமிழ் பேசுகின்றனர், எழுதுவதற்குத் தயங்குகின்றனர். இவர்களுக்குக் கணிப்பொறி பகையன்று, துணையே. 1999-இல் சென்னையில் நடைபெற்ற மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற 'தமிழ் 99' விசைப்பலகையை எடுத்துக்கொள்வோம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 எழுத்துகளுக்குரிய விசைகளை அறிந்தாற் போதும். 247 எழுத்துகளையும் அமைத்துவிடலாம். இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய் என்று அது பெரும்பாலும் பகுக்கப்பட்டிருக்கின்றது. நெடுங்கணக்கின் ஒழுங்கு குழந்தையின் விரல்களிற் பதிவதற்கு இதைவிட எளிய பாடம் ஏது? மேலும், செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் எழுதப்பட்டவற்றைக் கொண்டே கற்கின்றன. ஆங்கிலத்திற் குவிந்துள்ள அளவுக்குத் தமிழில் எழுத்து இல்லாமையால் அவை தமிழில் தடுமாறுகின்றன. நாம் எழுதினால்தான் பொறிக்கும் தமிழ் வரும். எழுதாமலிருந்து பொறியைப் பழித்துப் பயனில்லை.

ஆகவே நமது சங்க நிர்வாகக் குழுவினர்க்குச் சில யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கின்றோம். பொதுமக்களும் வரலாம் என்று அறிவிக்கப்படும் தொழில்நுட்பக் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் இளைஞர் ஒருவரையும் மூத்தவர் ஒருவரையும் அனுப்புதல் வேண்டும். அவ்விருவரும் அடுத்து வரும் ஞாயிறன்று, கேட்டதை அரைமணி நேரம் தமிழில் எடுத்துரைத்தல் வேண்டும். தாய்மாரும் முதியோரும் தமக்குள்ள ஐயங்களை முன்னதாகவே தாளில் எழுதிக் காரியதரிசியிடம் கொடுத்தால், செல்பவர்கள் அவற்றைக் கூட்டத்திற் கேட்டு விடை கொணர்வார்கள். ஆண்டுக்கொரு முறையேனும் தமிழறிந்த கணிப்பொறி வல்லுநர் ஒருவரை நம் மண்டபத்துக்கே அழைத்துப் பேசச் செய்தலும் நன்று. இவற்றுக்கு ஆகும் செலவு தேநீர்ச் செலவே.

இராமாயணப் பிரசங்கம் கேட்டுத் திரும்பிய பாட்டிமார் அதைத் திண்ணையிலமர்ந்து பேரக்குழந்தைகளுக்கு மீண்டும் சொன்னதனாலேதான் எழுத்தறியாத வீடுகளிலும் இராமாயணம் வாழ்ந்தது. கற்றோர் அவையிற் கேட்டதை வீட்டு மொழியிற் சொல்வது நமக்குப் புதிய பழக்கமன்று. பழைய பழக்கத்தைப் புதிய பொருளுக்குப் பயன்படுத்தச் சொல்கின்றோம், அவ்வளவே. அடுத்த சொற்பொழிவுக்கு அறிவிப்பு வரும்போது, நம்மவர் இருவரேனும் அவையிற் சென்று அமர்வார்களாக, தயங்காது வினவுவார்களாக, கேட்டதைத் தமிழில் நம்மிடம் கொண்டுவருவார்களாக.