கீழ்வரிசைக்கு ஒரு சட்டம், கண்ணாடி அறைக்கு ஒரு சட்டமா?

2022-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. கத்தார் நாட்டில் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகள் தொடங்க இரண்டே நாட்கள் எஞ்சியிருந்தன. அன்றுதான், எட்டு விளையாட்டரங்குகளின் சுற்றுப்புறத்திலும் ரசிகர்களுக்கு பீர் விற்கப்படமாட்டாது என்று உலகக் கால்பந்துச் சம்மேளனமாகிய ஃபிஃபா அறிவித்தது. பல ஆண்டுகளாக அப்போட்டிகளின் புரவலராக விளங்கிவரும் பட்வைசர் நிறுவனத்தார் கொண்டுவந்து குவித்திருந்த சரக்கு கிடங்கிலேயே தங்கிவிட்டது. மேனாட்டுப் பத்திரிகைகள் பல கொதித்தெழுந்தன. ஒரு முஸ்லிம் நாடு தன் மார்க்கச் சட்டத்தை உலகத்தார் மீது திணிக்கிறது என்ற கூக்குரல் எழுந்தது. நம் இல்லங்களிலோ, பலர் மனமகிழ்ந்து இறைவனுக்கு நன்றி செலுத்தினர்.

கொதித்தவர்களும் முழுமையாக அறியவில்லை. மகிழ்ந்தவர்களும் முழுமையாக அறியவில்லை என்பதே நமது கருத்து.

பந்தாட்ட அரங்கிலிருந்து மதுவை அகற்ற வேண்டும் என்ற எண்ணம் தோஹாவில் பிறந்ததன்று. 1980-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஹாம்ப்டன் பார்க் அரங்கில் செல்டிக், ரேஞ்சர்ஸ் ஆகிய இரு அணிகளும் மோதின. ஆட்டம் முடிந்ததும் இரு தரப்பு ரசிகர்களும் மைதானத்தில் இறங்கி, கையிலிருந்த புட்டிகளையும் தகரக் குவளைகளையும் ஒருவர்மீது ஒருவர் வீசிப் போரிட்டனர். குதிரைப்படைக் காவலர் வந்துதான் அவர்களைப் பிரிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் அந்நாட்டில் சட்டம் வந்தது. பந்தாட்ட அரங்கில் பொதுமக்களுக்கு மது கிடையாது என்றாயிற்று. 1985-இல் இங்கிலாந்தும் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, ஆடுகளம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அமர்ந்து, ஆட்ட வேளையில் மது அருந்துவது குற்றம். பிரான்சிலும் 1991-ஆம் ஆண்டுச் சட்டம், சில விலக்குகளோடு, அரங்குகளில் மது விற்பனையைத் தடுத்தது. இவற்றை இயற்றியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். அவர்களுக்கு மது ஹராமும் அன்று. பட்டறிந்து அவர்கள் வந்து சேர்ந்த முடிவு அது. மதுவின் வழியாகவும் சூதின் வழியாகவும் ஷைத்தான் மனிதரிடையே பகையை மூட்டுகிறான் என்று அருள்மறையின் ஐந்தாம் அத்தியாயம் எச்சரிப்பதை நாம் ஓதி அறிந்தோம். ஹாம்ப்டன் பார்க்கில் அவர்கள் கண்ணால் கண்டறிந்தார்கள். ஃபிஃபாவின் தலைவர் இன்ஃபான்டினோவும் கத்தாரில் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் இதே விதி உண்டு, மூன்று மணி நேரம் பீர் இல்லாமல் எவரும் உயிர்வாழலாம் என்றார்.

ஆனால் இதே ஃபிஃபா, பிரேசிலில் பேசிய பேச்சு வேறு. வன்முறையைத் தடுப்பதற்காக பிரேசில் நாடு தன் அரங்குகளில் மதுவைத் தடை செய்திருந்தது. 2014-இல் உலகக் கோப்பை அங்கு நடைபெறவிருந்த நிலையில், ஃபிஃபாவின் அன்றைய பொதுச் செயலாளர் வால்க் என்பார் அங்குச் சென்று, உலகக் கோப்பை என்றால் மதுவும் அதில் அடக்கம், இதில் பேரத்துக்கே இடமில்லை என்று சொன்னார். 2012-இல் தனிச்சட்டம் ஒன்று இயற்றி, பிரேசில் பணிந்தது. குடிக்கும் ரசிகனின் உரிமையைப் பற்றித்தான் வாதம் நடக்கிறது என்று எண்ணுவோர் இதைச் சற்றே சிந்திக்க வேண்டும். மதுவின் தொடர்பில் அருந்துபவனை மட்டுமின்றி, பிழிபவன், சுமப்பவன், விற்பவன், அதன் கிரயத்தை உண்பவன் என்று பத்துப் பேரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பழித்திருப்பது காரணமின்றியா?

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. இங்கிலாந்தில் 2021-இல் ரசிகர் நலன் பற்றி ஆராய்ந்த குழு, கீழ்நிலைப் போட்டிகளில் சோதனை முறையில் இத்தடையைத் தளர்த்திப் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. இருக்கையில் அருந்தக்கூடாது என்பதால் ஆட்டத்துக்கு முன்பும் இடைவேளையிலும் அவசர அவசரமாகக் குடிக்கிறார்கள் என்பது ஒரு காரணம். சிறிய சங்கங்களுக்கு இவ்வருமானம் உயிர்நாடி என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. மதுவில் மனிதருக்குச் சில பயன்கள் உண்டு என்பதைத் திருமறையே மறுக்கவில்லை. கேடு அதனினும் பெரிது என்றுதான் நிறுத்துக் காட்டுகிறது. ஆகவே நாமும் நிறுத்தே பார்ப்போம். தன் மகனைத் தோளில் சுமந்துகொண்டு ஆட்டம் காண வரும் தந்தை, பக்கத்து இருக்கைக்காரரின் நிதானத்தை நம்பித்தான் அங்கே அமர்கிறார். அவசரமாகக் குடிப்பவர், அனுமதி கிடைத்தால் நிதானமாகக் குறைவாகக் குடிப்பார் என்பதற்கு உறுதி என்ன? சங்கத்தின் கஜானாவுக்காக அந்தத் தந்தை ஏன் அஞ்சியிருக்க வேண்டும்? கத்தாரில் இங்கிலாந்து, வேல்ஸ் நாட்டு ரசிகர்களில் ஒருவர்கூடக் கைது செய்யப்படவில்லை என்று பிரிட்டிஷ் காவல்துறையே அறிவித்தது. (பயணச் செலவு மிகுதி, வந்தவர்களும் வேறு வகையினர். ஆகவே எல்லாப் பெருமையையும் தடைக்கே கொடுத்துவிட வேண்டாம்.)

இனி, நம்மவர் அறிய வேண்டியதற்கு வருவோம். கத்தாரில் மது அரங்கைவிட்டு நீங்கிவிட்டதா? இல்லை. பெரும் பணம் கொடுத்து இடம் பெற்ற விருந்தினர்களுக்கான ஆடம்பர அறைகளில் பீரும் ஒயினும் ஷாம்பெயினும் பரிமாறப்பட்டே வந்தன. ரசிகர் திடலில் மாலைக்குப்பின் அரை லிட்டர் பீர் 50 ரியாலுக்கு விற்கப்பட்டது. மதுவற்ற பீர் என்ற பெயரில் அதே நிறுவனத்தின் முத்திரை அரங்குக்குள் இருந்தது. கீழ்வரிசையில் அமர்ந்த எளியவனுக்குத்தான் தடை. கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்தவனுக்கு இல்லை. ஸ்காட்லாந்திலும் இதே கதைதான். பொதுவரிசைக்குத் தடை, விருந்தினர் கூடங்களுக்கு விலக்கு. அந்நாட்டார் அதை மார்க்கத்தின் பெயரால் செய்யவில்லை. ஒரு முஸ்லிம் நாடு அப்படிச் செய்யும்போது நமக்கு நெஞ்சு வலிக்கிறது.

மக்ஸூம் கோத்திரத்தைச் சேர்ந்த உயர்குலப் பெண்ணொருத்தி திருடிவிட்டபோது, அவளுக்காகப் பரிந்து பேச நபித்தோழர் உஸாமா (ரலி) அவர்களை அனுப்பினார்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் திருமுகம் சிவந்தது. முந்திய சமுதாயங்கள் அழிந்ததற்குக் காரணமே, உயர்ந்தோர் குற்றம் செய்தால் விட்டுவிட்டு, எளியோர் செய்தால் தண்டித்ததுதான் என்றும், தம் மகள் ஃபாத்திமாவே ஆயினும் சட்டம் ஒன்றுதான் என்றும் எடுத்துரைத்தார்கள். அந்த அளவுகோலைத் தோஹாவின் கண்ணாடி அறைகளுக்கு முன் வைத்துப் பார்க்கட்டும். அந்த அரங்குகளை எழுப்பிய தொழிலாளர்கள் எந்த வரிசையைச் சேர்ந்தவர்கள் என்பதை, வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிவைத்த நம் இல்லங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மதுவை வெறுப்பவர்களுக்கு மற்றொரு சோதனையும் உண்டு. 1989 ஏப்ரல் 15-ஆம் நாள், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் மாண்டனர். குடித்துவிட்டு வந்த கூட்டம் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தது என்று பழி சுமத்தப்பட்டது. இறந்த குழந்தைகளின் இரத்தத்தில்கூட மது இருக்கிறதா என்று சோதித்தார்கள். மாண்டவர்களில் இளையவனுக்கு வயது 10! கதவைத் திறக்க உத்தரவிட்டது காவல்துறையே என்பதும், ரசிகர்கள்மீது குற்றமே இல்லை என்பதும், 27 ஆண்டுகள் கழித்து 2016-இல்தான் மரண விசாரணையில் தீர்ப்பாயிற்று. அத்தனை ஆண்டுகளும் பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் குடிகாரரின் தாய் என்ற பெயரையும் சுமந்தனர்.

குடி கெட்டது என்று நாம் நம்புகிறோம் என்பதற்காக, குடித்தார்கள் என்று சொல்லப்படுவதையெல்லாம் நம்பிவிடலாமா? ஒரு கூட்டத்தார்மீது கொண்ட வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக்கூடாது என்பது இறைக்கட்டளை. உண்மையாகவே குடித்தவர் விஷயத்தில்கூட நாயகம் (ஸல்) அவர்கள் நாவை அடக்கவே கற்பித்தார்கள். மதுவுக்காக மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்ட ஒருவரை அங்கிருந்தவர் சபித்தபோது, சபிக்காதீர், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று தடுத்தார்கள். தண்டனை நிறைவேறியது, அவமதிப்பு அனுமதிக்கப்படவில்லை.

2034-ஆம் ஆண்டின் உலகக் கோப்பை சவூதி அரேபியாவுக்கு 2024 டிசம்பரில் வழங்கப்பட்டது. அங்கு மது எங்குமே இராது, ஹோட்டல்களிலும் இராது என்று பிரிட்டனுக்கான அந்நாட்டுத் தூதர் 2025 பிப்ரவரியில் வானொலிப் பேட்டியில் கூறினார். புனித ஹரம்கள் இரண்டையும் தன்னகத்தே கொண்ட நாடு அது. அச்சொல்லில் கண்ணாடி அறைகளும் அடங்கும் என்றே நாம் பொருள் கொள்கிறோம்.